எம்பதுன்னு சொல்லிட்டேன்

அந்த ஜன்னலை மட்டும் சாத்திராதீங்க தங்கச்சி. எனக்கில்லை, முன்னாடி சீட்டுல மஞ்சத் துண்டு போட்டுக்கிட்டு கம்பியப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காக பாருங்க, எங்க வீட்டுக்காரவுக, அவுகளுக்கு. முன்னாடி தொறந்தா மட்டும் பத்தாது, பின்னாடியும் தொறந்திருந்தாத்தான் காத்து ஓடுமாம். கண்டக்டரு தம்பி நல்ல பிள்ளை. பாத்த ஒடனே அங்க இருந்த ஆளை எழுப்பி விட்டுருச்சு. "பெரியவருக்கு எடம் குடுங்க"ன்னுச்சு. பெரியவரு! காலையிலேர்ந்து இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு.

நீங்க எதுவரைக்கும்? தஞ்சாவூரா? அப்ப நேரம் கெடக்கு. நாங்க அதுக்கும் மேல. புதுக்கோட்டை போயி, அங்கேர்ந்து எங்க கிரசருக்கு இன்னொரு பஸ்ஸு ஏறணும். கிரசர்னா கல்லு ஒடைக்கிற மிசினு. மலைய வெடி வச்சுப் பொளந்து, மிசின்ல போட்டு ஜல்லியாக்குற எடம். அங்கனயே லைன் வீட்டுல குடியிருக்கோம்.

திருக்கடையூர்ல கல்யாணம் பண்ணிட்டு வாரோம். சிரிக்காதீங்க. எனக்கும் எங்க வீட்டுக்காரவுகளுக்கும்தான். இந்தா பாருங்க, புதுத்தாலி. மஞ்சக்கயிறு இன்னும் காயலை. காலையில கட்டுனாக. மூணாவது முடிச்சுக்கு அவுகளுக்கு மூச்சு எட்டலை, நானே போட்டுக்கிட்டேன். அதெல்லாம் குத்தமில்லைன்னு அய்யரு சொல்லிட்டாரு.

ஆமா, அறுவதாங் கல்யாணம்தான் பண்ணப் போனோம். போனது அதுக்குத்தான். அங்க போயி வேற மாதிரி ஆகிப்போச்சு. அதைத்தான் யாருகிட்டயாச்சும் கேக்கணும்னு இருந்தேன். எங்க லைன்ல கேக்க முடியாது. அந்தா, நமக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல வெளிறுன சேலை கட்டிக்கிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒரு அம்மா இருக்காக பாருங்க, அவுக எங்க நாத்தனா, பொன்னழகு. அவுககிட்டயும் கேக்க முடியாது. அவுக எங்கூடப் பேச்சை நிப்பாட்டிட்டாக. கோயில் வாசல்லேர்ந்து ஒரு வார்த்தை இல்லை. வாங்கிக் குடுத்த டீயையும் தொடலை.

மொதல்லேர்ந்து சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க லைன்ல தாலியோட இருக்கிற பொம்பளை கொறச்சல் தங்கச்சி. எளவட்டப் பிள்ளைக கழுத்துல கெடக்கும். என் வயசுக்கு வந்தாச்சுன்னா ஒண்ணொண்ணா எறங்கிரும். பொன்னழகு மதினிக்கு எறங்குனப்ப அவுக மூத்த பிள்ளை பள்ளிக்கொடம் கூடப் போகலை. எதுத்த வீட்டு அடைக்கி, அவ கொழுந்தியா, மூலை வீட்டுச் சிகப்பி, எல்லாருக்கும் ஒரே கதைதான். மொதல்ல இருமுவாக. அப்பறம் எளைப்பாக. ஆசுபத்திரியில டீபி மாத்திரை குடுப்பாக. அதைத் தின்னு முடிச்சு, மறுபடி குடுப்பாக. அப்பறம் ஒரு நா எந்திரிக்க மாட்டாக. பீடி குடிச்சவுகளும் போனாக, குடிக்காதவுகளும் போனாக. எங்க லைன்ல அறுவது வயசு ஆம்பளைன்னு ஒருத்தரை நான் கண்ணால பாத்ததில்லை. மொதலாளியோட அப்பா இருக்காரு, வெள்ளை வேட்டியில காரை விட்டு எறங்கி, கைய வீசிக்கிட்டு நடந்து போவாரு. அவரு எங்க லைன் கெடையாதுல்ல.

என்னா காரணம்னா, மலையில முனி இருந்துச்சு. முனி இருந்த பாறையத்தான் மொதல்ல ஒடைச்சாக. அது சும்மா விடுமா? என்ன ஒண்ணு, ஒடைக்கச் சொன்ன ஆளை விட்டுட்டு ஒடைச்சவனைப் புடிக்குது. முனிக்கும் ஆளு பாக்கத் தெரியுது போல.

டாக்டரு வேற சொன்னாரு. பெரியாசுபத்திரியில நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, "இந்தா வெள்ளையாத் தெரியுதே, இதெல்லாம் கல்லுத்தூசி, நெஞ்சு பூரா அடைச்சிருக்கு"ன்னாரு. தூசியினால வந்திருந்தா எனக்கும்ல வந்திருக்கணும்? நானும் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்தத் தூசியிலதானே ஜல்லி அள்ளுறேன். எனக்கு என்ன கொறை? இந்த இருமலா? இது சும்மா, பனி ஒத்துக்கிடலை. வருசம் பூரா இருக்கும், ஒண்ணும் செய்யாது.

அந்த டாக்டரு கடைசியா, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, இனிமே நல்லாப் பாத்துக்கங்க"ன்னாரு. மருந்து எழுதலை. பாத்துக்கங்கன்னா என்னத்தைப் பாத்துக்கிறது? எல்லா வீட்டுலயும் இப்பிடித்தான் சொல்லி அனுப்புனாக. அடைக்கி வீட்டுக்காரரைப் பாத்துக்கங்கன்னு சொன்ன மழைக்கு அடுத்த மழையில அந்த மனுசன் இல்லை. பஸ்ஸுக்கு நிக்கிறப்ப எங்க வீட்டுக்காரவுக என் மொகத்தைப் பாத்துட்டு, "என்னடி, டாக்டரு திட்டிட்டாரா?"ன்னு சிரிக்கிறாக. அவுக அப்பிடித்தான். சித்திரவேலுன்னா கிரசர்ல எல்லாருக்கும் தெரியும். சிரிக்காம ஒரு பேச்சுப் பேச மாட்டாக.

அப்பத்தான் திருக்கடையூரு நெனப்பு வந்துச்சு. அந்தச் சாமி எமனையே காலால எத்துன சாமியில்ல? அறுவதாங் கல்யாணம் பண்ணிட்டா மறுபடி ஒண்ணுலேர்ந்து வயசை எண்ணணும்னு சொல்லுவாக. பழைய கணக்குப் பூராவும் அடிபட்டுப் போகும். எமன் வந்து பாத்தா, "இது இப்பத்தான் பொறந்த பிள்ளை"ன்னு திரும்பிப் போயிருவான். நான் அப்பிடித்தான் நெனச்சேன். பண்ணிப்புடணும். வேற எங்க போயி முட்டுறது நானு?

ஒரே ஒரு சிக்கலு. அவுகளுக்கு அறுவது ஆகலை.

எவ்வளவு கொறையுதா? பெரும்புயல் அடிச்ச வருசம் பொறந்தவுக அவுக, எழுவத்தேழுல. அம்பதையே இன்னும் தொடலை.

என்ன தங்கச்சி அப்பிடிப் பாக்குறீங்க? முன்னாடி திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, அவுகளுக்குச் சங்கடமாப் போகும். பாத்தா தெரியாதுதான். தெரியாதுங்கிற தைரியத்துலதானே கூட்டிட்டுப் போனேன்.

அவுககிட்ட சொன்னப்ப, "யாரை ஏமாத்தப் போற நீயி?"ன்னாக. "எமனைத்தான்"னேன். அதுக்குச் சிரிச்சாக, சிரிப்பு இருமலாகி, இருமலு நிக்காம, நான் முதுகை நீவிக்கிட்டே கெடந்தேன். அடங்குன பெறகு, "சரி, நீ சொன்னா வயசு ஏறாமலா போகும்"னாக. அவ்வளவுதான், ஒத்துக்கிட்டாக.

மக நெறமாசம், வர முடியாது. தனியாக் கூட்டிட்டுப் போகவும் பயம், வழியில ஏதாச்சும் ஆனா தூக்க ஆளு வேணும். பொன்னழகு மதினிதான் நான் வாரேன்னாக. தாயில்லாத தம்பிய இடுப்புல வச்சு வளத்தவுக. வரட்டும், ஆனா... நீங்களே சொல்லுங்க. நல்ல காரியம். புதுத்தாலி ஏறப் போகுது. தாலியில்லாதவுக பக்கத்துல நின்னா மனசு கேக்குமா? நான் ஒண்ணும் கெட்டவ இல்லை. வீட்டுல ஒரே தட்டுல சாப்புடுவோம். ஆனா இதுல வெளையாட முடியாதுல்ல. அதனால, "மதினி, நீங்க மண்டபத்துக்கு வெளிய அந்தத் தூணோரமா இருந்துக்கங்க, முடிஞ்ச ஒடனே வந்து கூப்புடுறேன்"னு சொன்னேன். சரித்தான்னு போயி உக்காந்துட்டாக. மொகம் சுண்டலை. அவுகளுக்கே தெரியும்ல, தன்னை எங்க வைக்கணும்னு.

உள்ள போனா என்ன கூட்டம்! வரிசையா மாப்பிள்ளை பொண்ணுக. எல்லாம் நரைச்ச தலைக. பட்டுச்சேலையும் வேட்டியுமா, பிள்ளைக பேரப்பிள்ளைக சுத்தி நின்னுக்கிட்டு. எங்களுக்கு யாருமில்லை. ஒரு அய்யரு வந்தாரு. எங்க வீட்டுக்காரவுகளை ஒரு பார்வை பாத்தாரு. கீழயிருந்து மேல. அப்பறம் எங்கிட்டக் கேட்டாரு, "என்னம்மா, எண்பதுக்குத்தானே?"

நான் வாயத் தொறந்தேன் அறுவதுன்னு சொல்ல. சத்தியமாத்தான் சொல்லுறேன், அறுவதுன்னு சொல்லத்தான் தொறந்தேன். ஆனா அந்த நிமிசம் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னா, பொய்யின்னு ஆனப்பறம் அறுவதென்ன எம்பதென்ன? அவரா எம்பதுங்கிறாரு. குடுக்கிறதை ஏன் வேணாங்கணும்? எம்பது கெடச்சா இன்னும் கெட்டியில்ல?

"ஆமா சாமி, எம்பதுதான்"னுட்டேன்.

எங்க வீட்டுக்காரவுக என்னைத் திரும்பிப் பாத்தாக பாருங்க ஒரு பார்வை! சிரிப்பை அடக்கிக்கிட்டு, "ஏண்டி, இங்க வந்தும் உனக்குப் பேராசை போகலையா?"ன்னு காதுல சொன்னாக.

எம்பதுன்னா அதுக்குத் தனி வரிசை. ஆயிரம் பிறை கண்டவுகளாம். அப்பிடித்தான் மந்திரத்துல சொன்னாரு. ஆயிரம் பிறை! எங்க மனுசன் சூரியனையே ஒழுங்காப் பாத்ததில்லை. மிசினு ஓடுனா பகல்லயே வெள்ளை இருட்டுதான், பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது.

அந்த வரிசையில எங்களுக்கு அடுத்தாப்புல இன்னொரு சோடி. மெட்ராஸ்காரவுக. அவரு ஏதோ பெரிய இஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவராம். நல்ல செவப்பு. கண்ணாடி. படியில நாங்க ஒரு படிக்கு மூணு தடவை நின்னு நின்னு ஏறுறோம், அவரு பின்னாடியிருந்து வந்து எங்க வீட்டுக்காரவுக கையப் புடிச்சுத் தூக்கி விட்டாரு. "மெதுவா வாங்க பெரியவரே, அவசரம் இல்லை"ன்னாரு. அந்தம்மாவும் நல்ல மாதிரி. எங்களுக்கு ஆரத்தி எடுக்க ஆளில்லைன்னு தெரிஞ்ச ஒடனே, "நான் எடுக்கறேன்மா, நானும் சுமங்கலிதானே"ன்னு வந்துட்டாக. கை நெறைய வளையலு. அவுக எடுத்தது எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. இதுல்ல கையின்னு நெனச்சேன்.

கொடத்துத் தண்ணிய ஊத்துனாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் குளிரு தாங்கலை, மூச்சு விசிலடிக்குது. நான் அய்யருகிட்ட, "போதும் சாமி, மிச்சத்தை என் தலையில ஊத்துங்க"ன்னேன். அப்பறம் தாலி. முடிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. எவ்வளவு நாளு கழிச்சு அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டேன் தெரியுமா? கட்டிட்டாக, இனி எவன் வாரான்னு பாப்போம்னு ஒரு திமிருகூட வந்துச்சு.

அப்பத்தான் அது நடந்துச்சு.

அந்த இஞ்சினியரு பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்க முன்னாடி வந்து நிக்கிறாரு. பிள்ளைகளைப் பாத்துச் சொல்லுறாரு, "எண்பது ஆயிட்டா நம்மளை ஆசீர்வாதம் பண்ண மூத்தவங்களே கெடைக்கறதில்லை. காலையிலேர்ந்து எல்லாரும் என் கால்லயே விழறாங்க. நல்ல வேளை, இங்க எனக்கு ஒரு பெரியவர் கெடைச்சிருக்கார்." சொல்லிக்கிட்டே துண்டை இடுப்புல கட்டுறாரு.

உங்களுக்குத் தெரியும்ல தங்கச்சி? மூத்தவுக எளையவுக கால்ல விழலாமா? விழுந்தா யாருக்குக் கேடு? கும்புடு வாங்குனவனுக்குத்தானே! ஆயுசு கொறைஞ்சிரும்ல! எதைக் கூட்டணும்னு இம்புட்டுத் தூரம் வந்தமோ, அதுலயே கை வைக்கிறாரு அந்த மனுசன்!

"வேணாங்கய்யா, நீங்கதான் பெரியவுக, நீங்க விழக்கூடாது"ன்னு குறுக்க போனேன். அவரு சிரிக்கிறாரு. "பாத்தா தெரியலையாம்மா யார் பெரியவர்னு? ஆறு மாசம் மூத்தவரா இருந்தாலும் மூத்தவர்தான்"னாரு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? உள்ளதைச் சொல்லலாம். சொன்னா? அய்யரு பக்கத்துலயே நிக்கிறாரு. பண்ணுன பூசை செல்லாதுன்னு சொல்லிட்டா? கட்டுன தாலிய என்ன பண்ணுறது?

அப்பப் பாத்து ஒரு சத்தம். தூணோரம் இருக்கச் சொன்னேன்ல, பொன்னழகு மதினி, அங்கேர்ந்து ஓடியாராக. கூட்டத்தை வெலக்கிக்கிட்டு. "ஐயோ சாமி விழாதீங்க! அவன் சின்னப்பய! பெரும்புயல்ல பொறந்தவன், நான் இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுன பிள்ளை சாமி! உங்க மகன் வயசுகூட இருக்காது!"ன்னு கத்துறாக. மண்டபமே திரும்பிப் பாக்குது. தாலி கட்டி ஈரம் காயலை, இவுக பாட்டுக்கு எதுக்க வந்து நிக்கிறாக.

நான் என்ன செய்யட்டும்? "ஒண்ணுமில்லைங்கய்யா, அதுக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லை. புருசன் போனதுலேர்ந்து இப்பிடித்தான்"னு சொன்னேன்.

ஆமா, சொன்னேன். வேற வழி? நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீக. மதினி அப்பிடியே நின்னுட்டாக. ஒரு தடவை என்னைப் பாத்தாக, ஒரு தடவை தம்பியப் பாத்தாக. தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டாக. யாரோ ஒரு பொண்ணு வந்து, "வாங்க பாட்டி, அங்க போய் உக்காரலாம்"னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு. அந்த இஞ்சினியரு, "பாவம்"னாரு. ஒரு தொந்தரவும் இல்லாம முட்டியை மடக்கி, நெடுஞ்சாங்கெடையா விழுந்துட்டாரு. நெத்தி தரையில பட்டுச்சு. அந்தம்மாவும் விழுந்தாக.

எங்க வீட்டுக்காரவுக கால்ல யாரு விழுந்திருக்கா இதுக்கு முன்னாடி? கைய நீட்டி அவரு தலையில வச்சாக. மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாக: "நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருங்க." வேற ஒண்ணும் சொல்லத் தெரியலை அவுகளுக்கு. அந்த மனுசன் எந்திரிச்சுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. "இவ்வளவு வருஷத்துல யாரும் எனக்கு இப்பிடி ஒரு ஆசீர்வாதம் பண்ணினதில்லை"ன்னாரு.

அம்புட்டுத்தான் நடந்துச்சு. மதினிக்கு எம்மேல கோவம். பைத்தியம்னு சொல்லிட்டேனாம். அது ஆறிப்போகும். ஊருக்குப் போயி ரெண்டு நாளு கழிச்சு அவுகளாவே கொழம்புச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துருவாக. அவுகளுக்கும் இவுகளை விட்டா வேற யாரு? எனக்கு அதில்லை கவலை.

பஸ்ஸு ஏறுனதுலேர்ந்து அவுக முதுகையே பாத்துக்கிட்டு வாரேன். துண்டு ஏறி எறங்குதா, ஏறி எறங்குதான்னு. காலையில இருந்ததுக்கு இப்ப கொஞ்சம் மெதுவா ஏறுற மாதிரி இருக்கு. உங்களுக்கும் அப்பிடித் தோணுதா? இல்லைல்ல? பஸ்ஸு குலுங்குறதுல அப்பிடித் தெரியுது.

நான் ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன் தங்கச்சி. யோசிச்சதுல கொஞ்சம் மனசு தேறுது. சரியான்னு நீங்க சொல்லுங்க. அந்த இஞ்சினியருக்கு எம்பது இருக்காது. இருக்கவே இருக்காது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்ல. பல்லு பூராம் இருக்கு. கம்பில்லாம படியேறுறாரு, இன்னொரு ஆளையும் தூக்கி விடுறாரு. தரையில விழுந்தவரு கை ஊணாம எந்திரிக்கிறாரு. எல்லாத்தையும் விடுங்க, மூச்சு! அவரு மூச்சு விடுற சத்தமே எனக்குக் கேக்கலை. எம்பது வயசுல ஒரு மனுசன் அப்பிடி மூச்சு விடுவானா? எங்கயாச்சும் உண்டா? எங்க லைன்ல முப்பது வயசுக்காரன்கிட்ட அந்த மூச்சு இல்லை.

அவருக்கு மிஞ்சிப் போனா நாப்பத்தஞ்சு இருக்கும். எங்க வீட்டுக்காரவுகளைவிடச் சின்னவருதான், அடிச்சுச் சொல்லுவேன். சின்னவரு விழுந்தா ஒரு தோசமும் இல்லை, விழுந்துட்டுப் போகட்டும். அவுகளும் எங்களை மாதிரிதான். வயசைக் கூட்டிச் சொல்லிட்டு வந்து உக்காந்திருக்காக.

அந்தம்மா எம்புட்டுச் சிரிச்ச மொகமா ஆரத்தி எடுத்தாக. உள்ளுக்குள்ள என்ன பயத்தை வச்சிருந்தாகளோ, பாவம். அவுககிட்ட எந்த டாக்டரு என்ன சொல்லி அனுப்புனாரோ.